மெய்நிகர் நினைவகத்தை மாற்றினால் கணினி வேகமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர் வீட்டுக் கணினிகள், ஒரு டிடிபி கடையின் மூன்று கணினிகள், ஒரு டியூஷன் சென்டரின் பழைய டெஸ்க்டாப்புகள் ஆகியவற்றை ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொடுக்கிறேன். எங்கே போனாலும் ஒரே சந்தேகம்தான் காத்திருக்கிறது. ‘விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் பறக்கும்’ என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, பாதி மாற்றிய நிலையில் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து எழுதிவிட்டேன். விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பெயர்களை அதே உச்சரிப்பில் தந்திருக்கிறேன்.

மெய்நிகர் நினைவகம் என்றால் என்ன? அதுவும் ரேமும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவைதான் ரேமில் இருப்பவை. மேடையில் இடம் போதாதபோது, இப்போது தேவைப்படாத அண்டாவையும் இட்லிக் கொப்பரையையும் பரணில் ஏற்றிவிடுகிறோம் அல்லவா? கணினிக்கு அந்தப் பரண், சுழலும் தட்டுள்ள ஹார்ட் டிஸ்கிலோ, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியிலோ இருக்கும் ஒரு கோப்பு. விண்டோஸில் அதன் பெயர் ‘பேஜ்ஃபைல்.சிஸ்’. வழக்கமாக சி டிரைவில் மறைந்திருக்கும். நினைவகத்தை 4 கிலோபைட் கொண்ட சிறு பக்கங்களாகப் பிரித்து, நெடுநேரம் யாரும் தொடாத பக்கங்களை விண்டோஸ் அதில் எழுதிவைக்கும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். தன் பொருள் மேடையில் இருக்கிறதா, பரணில் இருக்கிறதா என்பது நிரலுக்குத் தெரியாது.

சரியாகச் சொன்னால், மெய்நிகர் நினைவகம் என்பது இந்த ஏற்பாடு முழுவதற்குமான பெயர். ஆனால் அமைப்புச் சாளரத்தில் அந்தப் பெயரின் கீழ் நீங்கள் மாற்றுவது பேஜ் ஃபைலின் அளவை மட்டுமே. பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வருவது.

இழுத்தடிக்காமல் சொல்லுங்கள்: இதைக் கூட்டினால் வேகம் கூடுமா?

கூடாது. பரணைப் பெரிதாக்கினால் சமையல் சீக்கிரம் முடிந்துவிடாது.

ஆனால் பேஜ் ஃபைல் மிகச் சிறியதாக இருந்தாலோ, யாராவது அணைத்துவைத்திருந்தாலோ, நிரல்கள் திடீரென மூடிக்கொள்ளும். நினைவகம் போதவில்லை என்று எச்சரிக்கை வரும். அந்தத் தொல்லை, அளவைச் சரிசெய்தால் நின்றுவிடும். நின்றதும், கணினி வேகமாகிவிட்டது என்று நமக்குத் தோன்றும். இந்த யோசனை இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பதற்கு இந்தத் தோற்றமே காரணம் என்று நினைக்கிறேன்.

வேகம் தராது என்றால் இதை எதற்காகக் கண்டுபிடித்தார்கள்?

இடத்துக்காக. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில்தான் இது முதலில் வந்தது. அதன் வேகமான காந்த வளைய நினைவகம் விலை மிகுந்தது. ஏறத்தாழ 16,000 ‘சொற்களே’ (கணினி ஒரே தடவையில் கையாளும் தரவுத் துண்டுகள்) அதில் அடங்கும். அதைப்போல் ஆறு மடங்கு கொள்ளளவுள்ள காந்த உருளை ஒன்றும் இருந்தது. எதை எப்போது உள்ளே கொண்டுவருவது, எதை வெளியே அனுப்புவது என்று அதுவரை நிரல் எழுதுபவரே தலையை உடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுமையை எந்திரமே ஏற்றுக்கொண்டது. நம் மேசைக் கணினிகளுக்கு இந்த வசதி 1985இல் இன்டெல் 80386 சிப்போடு வந்தது. அன்று முதல் பக்கத்தின் அளவு அதே 4 கிலோபைட்தான்.

என் கணினி இழுத்துக்கொண்டு கிடப்பதற்கு இதுதான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தொடுங்கள். கணினி நன்றாக இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. அது திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பார்க்க வேண்டும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது, அதோடு டிஸ்க்கும் 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் சந்தேகம் பெரும்பாலும் சரி. நினைவகம் பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100இல் இருக்கிறது என்றால் குற்றவாளி வேறு: ஆன்டிவைரஸ் சோதனையாக இருக்கலாம், அப்டேட்டாக இருக்கலாம், சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம்.

இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமென்றால், ஸ்டார்ட் மெனுவில் ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறந்து, ‘மெமரி’ தாவலில் ‘ஹார்டு ஃபால்ட்ஸ்’ என்ற பத்தியைப் பாருங்கள். மேடையில் இல்லாத பக்கத்தை டிஸ்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்ததா, ஒரு ஃபால்ட். ஒரு நிரலைத் திறக்கும்போது அந்த எண் ஏறி இறங்குவது இயல்பு. நிரலையே டிஸ்கிலிருந்துதானே எடுக்க வேண்டும்? திறந்து நெடுநேரமான பிறகும் எண் நூற்றுக்கணக்கில் நின்றால்தான் கவலை.

டியூஷன் சென்டரின் ஒரு கணினியில் இதைக் கண்ணாரக் கண்டேன். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பிரவுசரில் பதினான்கு தாவல்கள், பக்கத்தில் ஒரு எக்செல் கோப்பு. எக்செல்லைச் சொடுக்கியதும் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்காமல் ஒரே சிவப்பாக நின்றது. பெட்டிக்குள்ளிருந்து கறகறவென்று சத்தம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லிவினாடி ஆகும். தட்டைப் படிக்கும் முள் நகர்வதையும் சேர்த்தால், ஒரு பக்கத்தை எடுக்க 12 மில்லிவினாடி என்று வையுங்கள். 100 எம்பி என்பது 25,600 பக்கங்கள். அவை தட்டில் சிதறிக் கிடந்து ஒவ்வொன்றாக எடுக்க நேர்ந்தால் ஐந்து நிமிடம்! விண்டோஸ் பல பக்கங்களைச் சேர்த்து அள்ளுவதால் அவ்வளவு மோசமாவதில்லை. ஆனாலும் அன்று அந்த எக்செல் முகம் காட்ட முக்கால் நிமிடம் பிடித்தது. ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பொழுது போய், சமையல் நின்றுபோகும் இந்த நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். பீட்டர் டென்னிங் என்ற கணினி அறிஞர் 1968லேயே இதன் காரணத்தை விளக்கிவிட்டார். பேஜ் ஃபைலைப் பெரிதாக்குவது இதற்கு மருந்தாகாது.

சரி, அந்த அமைப்பு எங்கே இருக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடுங்கள். வரும் சாளரத்தில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற தலைப்பின் கீழுள்ள ‘செட்டிங்ஸ்’ பொத்தான், அதில் ‘அட்வான்ஸ்டு’ தாவல், அங்கே ‘விர்ச்சுவல் மெமரி’க்குக் கீழே ‘சேஞ்ச்’. மேலே ‘ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்’ என்று தொடங்கும் வரிக்கு முன்னால் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்தால்தான் மற்றவை உயிர்பெறும்.

தொடக்க அளவு, உச்ச அளவு என்ற இரண்டு கட்டங்களில் எண்ணை எழுதியதும் பலர் நேராக ‘ஓகே’யை அழுத்திவிடுகிறார்கள். அதற்கு முன் ‘செட்’ பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் எழுதியது காற்றோடு போகும். பிறகு ரீஸ்டார்ட். இன்னொன்று, எண்கள் எம்பியில் கேட்கப்படுகின்றன. ஓர் உறவினர் ‘16 ஜிபி போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று புலம்பினார். போய்ப் பார்த்தால் இரண்டு கட்டங்களிலும் 16 என்று மட்டும் இருந்தது. அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச அளவு 16 எம்பி என்பதால் விண்டோஸும் மறுக்கவில்லை. வந்த எச்சரிக்கைக்கு அவர் ‘யெஸ்’ கொடுத்திருக்கிறார். 4 ஜிபி வேண்டுமென்றால் 4096 என்று எழுத வேண்டும்.

எவ்வளவு போடுவது? ரேமைப்போல் ஒன்றரை மடங்கு என்று எல்லோரும் சொல்கிறார்களே?

எல்லோரும் சொல்வது விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கணக்கு. அதில் தொடக்க அளவு ரேமைப்போல் ஒன்றரை மடங்கு, உச்ச அளவு மூன்று மடங்கு என்பது வழக்கம். 256 எம்பி ரேமுக்கு 384 எம்பி பேஜ் ஃபைல் என்றால் பொருத்தமாக இருந்தது. இன்று 32 ஜிபி ரேம் வைத்திருப்பவர் அதே வாய்ப்பாட்டைச் சொன்னால் 48 ஜிபி கோப்பை அடைகாக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், ரேம் குறைவாக இருப்பவருக்குத்தான் பேஜ் ஃபைல் அதிகம் தேவை. இந்த வாய்ப்பாடோ அவருக்குக் குறைத்துக் கொடுக்கிறது.

பத்தில் ஒன்பது பேருக்கு என் பதில், அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான். விண்டோஸ் தானே பார்த்துக்கொள்ளும்போது, ரேமைப்போல் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இவற்றில் எது பெரிதோ அதுவரை கோப்பை வளரவிடும். டிரைவின் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்குக்குள் நிறுத்தவும் செய்யும். 120 ஜிபி எஸ்எஸ்டி என்றால் அந்த வரம்பு 15 ஜிபி. வீட்டுக் கணினிக்கு இது தாராளம்.

கையால்தான் வைப்பேன் என்றால் அளந்து வையுங்கள். வாரத்தில் வேலை மிகுந்த நாளில், திறக்கக்கூடிய எல்லாவற்றையும் திறந்துவைத்து, டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்ற இடத்தில் முதல் எண் எவ்வளவு உயரம் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ரேமைக் கழியுங்கள். ரேம் 8 ஜிபி, உச்சம் 11.5 என்றால் மிச்சம் 3.5. தொடக்க அளவாக 4096, உச்ச அளவாக 8192 போடலாம். மைக்ரோசாஃப்டின் மார்க் ருசினோவிச் 2008இல் சொன்ன முறை இது. இதைவிட நேர்மையான கணக்கை நான் பார்த்ததில்லை. கழித்தால் எதிர்மறை எண் வருகிறதா? உங்களுக்கு ரேம் போதும். டிக்கைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒரே எண்ணாக வைத்தால் நல்லதா?

ஹார்ட் டிஸ்க் காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. கோப்பு வளர வளரத் துண்டு துண்டாகச் சிதறும், முள் அலையும். எஸ்எஸ்டியில் முள்ளும் இல்லை, அலைச்சலும் இல்லை. ஒரே எண்ணாக வைப்பதில் இன்னொரு ஆபத்து: அவசரத்துக்குக்கூடக் கோப்பு வளர முடியாது.

சி டிரைவில் இடமே இல்லை. பேஜ் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றலாமா?

முதலில் டி என்பது வேறு டிஸ்க்கா, அதே டிஸ்கின் இன்னொரு பகுதியா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘டிஸ்க் 0 (சி, டி)’ என்பதுபோல் இரண்டு எழுத்துகளும் ஒன்றாக இருந்தால் அது ஒரே டிஸ்க். இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது. அது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முள் இரண்டு பகுதிகளுக்கும் ஓடி ஓடி, முன்பைவிட மோசமாகும்.

தனி எஸ்எஸ்டி என்றால் தாராளமாக மாற்றலாம். சி எஸ்எஸ்டி, டி பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் வேண்டாம். சி டிரைவில் வேறு எதையாவது காலிசெய்யுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, இடம் மிச்சமாகட்டும் என்று டிடிபி கடையில் இப்படி மாற்றிவைத்து, ‘புது எஸ்எஸ்டி போட்டும் ஏன் இழுக்கிறது?’ என்று இரண்டு வாரம் கேட்கவைத்தவன் நான். எங்கே மாற்றினாலும் சி டிரைவில் சிறிது விட்டுவையுங்கள். நீலத்திரை வந்து கணினி விழும்போது, விழுந்த காரணத்தை விண்டோஸ் வழக்கமாக அங்குள்ள பேஜ் ஃபைல் வழியாகத்தான் பதிவுசெய்கிறது.

எஸ்எஸ்டியில் பேஜ் ஃபைல் வைத்தால் எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

எஸ்எஸ்டியில் எழுத எழுதத் தேய்மானம் உண்டு, உண்மை. ஆனால் பேஜ் ஃபைலில் எழுதுவதைவிட வாசிப்பதுதான் அதிகம் நடக்கிறது. விண்டோஸ் 7 வரவிருந்த 2009இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் தங்கள் அளவீடுகளை வெளியிட்டார்கள்: ஒருமுறை எழுதினால் ஏறத்தாழ நாற்பது முறை வாசிப்பு, அந்த வாசிப்பும் பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகள். சின்னத் துண்டுகளை அங்கும் இங்கும் எடுப்பதில்தான் எஸ்எஸ்டி கெட்டிக்காரன். பேஜ் ஃபைலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

தேய்மானத்தையும் கணக்குப் போட்டுவிடுவோம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தரப்படுகிறது. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 15,000 நாள், அதாவது 41 ஆண்டுகள். அதற்குள் அந்தக் கணினியும் இருக்காது, நானும் கணினி பழுதுபார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மாமா, எனக்கு 16 ஜிபி ரேம் இருக்கிறது. பேஜ் ஃபைலை அடியோடு அணைத்துவிட்டால் கேம் வேகமாக ஓடும் என்கிறார்கள். அணைக்கட்டுமா?

அணைக்காதே. நீண்ட நேரம் தொடாமல் கிடக்கும் பக்கங்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். காலையில் ஒருமுறை ஓடிவிட்டுத் தூங்கும் பிரிண்டர் நிரலின் பக்கங்கள் மாதிரி. பரணே இல்லையென்றால் அவையும் மேடையிலேயே கிடந்தாக வேண்டும். உன் கேமுக்குக் கிடைத்திருக்கும் இடத்தை அவை அடைத்துக்கொள்ளும்.

நானே இதைச் செய்து பட்டிருக்கிறேன். அதே டிடிபி கடை, 8 ஜிபி ரேம். ‘ரேமே போதும், டிஸ்க் பக்கம் போகவே வேண்டாம்’ என்று பெருமையாக அணைத்துவைத்தேன். மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் மாலை, மறுநாள் காலையில் கட்ட வேண்டிய திருமண பேனர் பாதியில் இருந்தபோது, போட்டோஷாப் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறைந்துவிட்டது. இரண்டு மணி நேர வேலை போனது. வடிவமைப்பாளர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை மட்டும் பழையபடி வைத்துவிடுங்கள் என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டாஸ்க் மேனேஜரில் ரேம் 60 விழுக்காடுதான் காட்டுகிறது. ஆனாலும் நினைவகம் போதவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. விண்டோஸ் பொய் சொல்கிறதா?

பொய்யில்லை. இரண்டும் வேறு கணக்கு. ஒரு நிரல் ‘எனக்கு 2 ஜிபி வேண்டும்’ என்று கேட்டால், விண்டோஸ் உடனே இடத்தைக் கொடுத்துவிடுவதில்லை. தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறது. நிரல் தொட்ட பிறகுதான் உண்மையில் ரேம் செலவாகிறது. ஆனால் கொடுத்த வாக்கை விண்டோஸ் ஒருபோதும் மீறாது. ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவோ, அதற்குமேல் வாக்குக் கொடுக்காது. நம்மிடம் நான்கு அண்டாக்கள்தான் இருக்கின்றன என்றால், நான்கு வீட்டுக் கல்யாணத்துக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகு, ஐந்தாவதாக வருபவரிடம் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்? அந்த நான்கும் இன்னும் நம் பரணிலேயே இருந்தாலும்.

முன்பு சொன்ன ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 15.1/15.9 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, கொடுத்த வாக்கு. இரண்டாவது, கொடுக்கக்கூடிய உச்சம். இரண்டும் நெருங்கினால் ரேம் காலியாக இருந்தாலும் புதிய கோரிக்கை மறுக்கப்படும்; சில நிரல்கள் அதைத் தாங்காமல் மூடிக்கொள்ளும். பேஜ் ஃபைலைக் கூட்டுவது உண்மையிலேயே வேலைசெய்யும் இடம் இதுதான். வாக்கு 90 விழுக்காட்டைத் தொடும்போது, தானியங்கி அமைப்பில் கோப்பு தானே வளர்ந்துவிடும். கேம் பாதியில் வெளியேறுகிறது, வீடியோ எடிட்டர் ரெண்டர் செய்யும்போது விழுகிறது என்பவர்கள் முதலில் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சார், போட்டோஷாப் ‘ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்கிறது. பேஜ் ஃபைலை 20 ஜிபி ஆக்கிவிட்டேன். இன்னும் அதையே சொல்கிறதே?

ஸ்க்ராட்ச் டிஸ்க் போட்டோஷாப் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சொந்தப் பரண். விண்டோஸின் பேஜ் ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சி டிரைவில் நீங்கள் 20 ஜிபியைப் பேஜ் ஃபைலுக்குக் கொடுத்ததால், போட்டோஷாப்புக்கு இருந்த இடமும் குறைந்துபோனது, தொல்லையைக் கூட்டிக்கொண்டீர்கள்.

பேனர் வேலையில் இது ஏன் இவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கலாம். 20 அடிக்கு 10 அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) போட்டால் ஏறத்தாழ 15 கோடி புள்ளிகள். நான்கு வண்ண முறையில் ஒரு முழு லேயருக்கே சுமார் 600 எம்பி. அதையே 150 டிபிஐயில் போட்டால் 2.6 ஜிபி. பத்து லேயர்களும் ஐம்பது படி அன்டூவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். போட்டோஷாப்பின் ‘ப்ரிஃபரன்சஸ்’ பகுதியில் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை இடமுள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், ஹிஸ்டரி எண்ணிக்கையைக் குறையுங்கள், பேஜ் ஃபைலைத் தானியங்கிக்கே திருப்புங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 150 டிபிஐ எதற்கு என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

என்னுடையது 32 பிட் விண்டோஸ். 8 ஜிபி ரேம் போட்டும் 3.2தான் காட்டுகிறது. பேஜ் ஃபைலைக் கூட்டி ஈடுகட்டலாமா?

முடியாது. 0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கங்களால் எண்ணக்கூடிய முகவரிகள் 429 கோடி சொச்சம். அதுதான் 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸ் போன்ற சாதனங்களுக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 ஜிபி முகவரிவெளி மட்டுமே. பேஜ் ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த 2 ஜிபி கூடாது. பிராசசர் இடம்கொடுத்தால் 64 பிட் விண்டோஸை நிறுவுங்கள். கோப்புகளைப் பிரதி எடுத்துவைத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்; 32 பிட்டிலிருந்து நேராக மேம்படுத்த வழியில்லை.

பென் டிரைவை ரேமாக மாற்றலாமாமே?

விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ‘ரெடிபூஸ்ட்’டைச் சொல்கிறீர்கள். பென் டிரைவ் அப்போதும் ரேமாக மாறவில்லை. ஹார்ட் டிஸ்கிலிருந்து அடிக்கடி எடுப்பவற்றுக்கு ஒரு நகல் அங்கே இருக்கும், அவ்வளவுதான். 1 ஜிபி ரேம் காலத்தில் கொஞ்சம் உதவியது. எஸ்எஸ்டி உள்ள கணினியில் விண்டோஸே அது வேண்டாம் என்று சொல்லிவிடும்.

ரேமைச் சுத்தம் செய்யும் மென்பொருள் போட்டால் உடனே 30 விழுக்காடு காலியாகிறது. நல்லதுதானே?

காலியானது எங்கே போனது என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களை அது வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுகிறது. அடுத்த முறை அந்த நிரலைத் தொட்டதும் எல்லாம் திரும்ப வர வேண்டும். மேலே சொன்ன ஹார்டு ஃபால்ட் எண்ணைப் பார்த்துக்கொண்டே அந்தப் பொத்தானை அழுத்துங்கள், தெரியும். மேடையைக் காலியாக வைப்பது நோக்கமில்லை, சமைப்பதுதான் நோக்கம். விண்டோஸ் 10 முதல், பரணுக்கு அனுப்பும் முன் பக்கங்களைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ‘கம்ப்ரஸ்டு’ என்று அடைப்புக்குறிக்குள் தெரிவது அதுதான். ஒழுங்காக அடுக்கியிருப்பவன் வேலையைக் கலைக்காமல் இருந்தாலே போதும்.

சி டிரைவில் பேஜ்ஃபைல், ஸ்வாப்ஃபைல், ஹைபர்ஃபில் என்று மறைந்த கோப்புகள் கிடக்கின்றன. அழித்துவிடலாமா?

விண்டோஸ் ஓடும்போது கையால் அழிக்க விடாது, முயலவும் வேண்டாம். ஸ்வாப்ஃபைல் பெரும்பாலும் சிறியது, ஸ்டோர் ஆப்களுக்கானது. இடம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஹைபர்ஃபில்லைப் பாருங்கள். அது ஹைபர்நேட் செய்யும்போது ரேமைப் படியெடுத்து வைக்கும் கோப்பு, ரேமின் அளவில் 40 விழுக்காடு வரை இருக்கும். மேசைக் கணினியில் ஹைபர்நேட் பயன்படுத்தாதவர்கள், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி கட்டளைக்கு ‘ஹைபர்நேட் ஆஃப்’ கொடுத்து அதை நீக்கலாம். கணினியைச் சீக்கிரம் துவக்கும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பரணுக்கு அங்கே ‘ஸ்வாப்’ என்று பெயர். உபுண்டு 17.04 முதல் தனிப் பகுதிக்குப் பதிலாக ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. பக்கங்களைப் பரணில் ஏற்ற எவ்வளவு ஆர்வம் காட்டலாம் என்று சொல்லும் ‘ஸ்வாப்பினெஸ்’ என்ற எண் பெரும்பாலும் 60இல் இருக்கும். ஹார்ட் டிஸ்க் கணினியில் அதை 10 ஆக்கிப் பார்த்திருக்கிறேன், கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. ரேம் மிகக் குறைவாக உள்ள பழைய கணினியில் ‘ஸெட்ரேம்’ போடுங்கள். விண்டோஸ் ரேமுக்குள் சுருக்கிவைப்பதாகச் சொன்னேனே, அதே உத்தி. வாக்குக் கொடுக்கும் விஷயத்தில் லினக்ஸ் தாராள மனது. கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். எல்லோரும் ஒரே நாளில் அண்டா கேட்டு வந்துவிட்டால், ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும்.

எதையெதையோ மாற்றிவிட்டேன். எது என்னவாக இருந்தது என்றே நினைவில்லை.

அதே சாளரத்துக்குப் போய் மேலே உள்ள டிக்கைப் போடுங்கள், ஓகே, ரீஸ்டார்ட். முடிந்தது. வீடியோ பார்த்து, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘கிளியர் பேஜ்ஃபைல் அட் ஷட்டவுன்’ என்பதை 1 ஆக்கியிருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். வேகம் கூட்டும் என்று சொல்லி அதைப் பரப்புகிறார்கள். உண்மையில் அது, அணைக்கும்போது கோப்பு முழுவதையும் அழித்து எழுதும் பாதுகாப்பு ஏற்பாடு. ஷட்டவுன் ஆக நெடுநேரம் பிடிக்கிறது என்று என்னிடம் வந்த இரண்டு கணினிகளில் காரணம் அதுதான்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ரேம் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஓடுகிறது, ரேம் 4 ஜிபியாவது இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி முதலில். விண்டோஸ் திறப்பது, நிரல் திறப்பது, பேஜ் ஃபைல் மூன்றுக்கும் ஒரே செலவில் விடிவு. டியூஷன் சென்டரின் அந்த எக்செல் கணினிக்கு அதைத்தான் செய்தேன். ரேம் அதே 4 ஜிபி, தாவல்களும் அதே பதினான்கு. எக்செல் மூன்று வினாடியில் வந்தது. ரேம் 2 ஜிபி என்றால் ரேமை முதலில் கவனியுங்கள். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்து, மேலே சொன்ன சோதனையில் நினைவகம் நிரம்பி வழிந்தால் 8 ஜிபிக்குப் போங்கள். பேனர், வீடியோ வேலை என்றால் 16. செலவே வேண்டாம் என்பவர்கள் டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில், கணினியோடு சேர்ந்து எழுந்துகொள்ளும் வேண்டாத நிரல்களை முடக்கிவிட்டுப் பாருங்கள்.

ரேம் வாங்கப் போகும் முன் மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியைப் பார்த்து, எத்தனை இடம் காலி என்று குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 வகை ரேம் தகடு டிடிஆர்4 வகைக்கான இடத்தில் பொருந்தாது. எது என்று குழப்பமாக இருந்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பழைய தகட்டைக் கழற்றிக் காகித உறையில் போட்டுக் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். புதியதைச் செருகும்போது இரண்டு பக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று விழ வேண்டும். விழாமல் கணினி பீப் பீப் என்று கத்தினால் பயந்து என்னைக் கூப்பிடாதீர்கள். இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.